சாவியைக் கேட்டாலும் கொடுக்காதே

கூட்டேரிப்பட்டு
17.6.2007

அன்புள்ள துர்கா பாப்பா அவர்களுக்கு,

உங்கள் அப்பாவின் கம்பவுண்டர் ராயப்பன் எழுதுகிறேன். நானும் என் மனைவி லூர்துமேரியும் திண்டிவனத்தில் சுகம். நீங்களும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். மெல்போர்னில் இப்போது கடுங்குளிர் என்று கர்னல் சார் சொன்னார். இங்கே ஆனி பிறந்தும் வெயில் இறங்கவில்லை.

போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். போன் கிளினிக்கில் சாரின் மேசைமேல் இருக்கிறது. அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது இதைப் பேச எனக்கு வாய் வராது.

ரோடு அகலப்படுத்துகிறார்கள். நம் கிளினிக்குக்கு எதிரே இருந்த புளியமரங்கள் எல்லாம் போய்விட்டன. வண்டிகள் முன்னைவிட வேகமாகப் போகின்றன. வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் அடிபட்டு நம்மிடம்தான் வருகிறார்கள். 1993இல் சார் ரிட்டயர் ஆகி வந்தபோது, கர்னல்கள் எல்லாம் பெங்களூரில் வீடு கட்டும்போது நீங்கள் ஏன் இந்தக் கூட்டுரோட்டுக்கு வருகிறீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே அடிபட்டவனுக்குக் கட்டுப்போட ஒரு ஆள் இல்லை என்றார். பட்டாளத்தில் அவரிடம் வேலை பார்த்துவிட்டு வந்து ஒரு ரைஸ் மில்லில் வாட்ச்மேனாக இருந்த என்னைத் தேடி வீட்டுக்கே வந்து, "ராயப்பா, வேலைக்கு வா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் நான் வந்தேன். அவர் சொல்லி நான் செய்யாதது எதுவுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் ஒரு நாள் காலையில் வந்தவர்களுக்கு எழுதிக்கொடுத்த சீட்டுகள் எல்லாவற்றிலும் தேதி 9.12.1971 என்று இருந்தது. மருந்து சரி, அளவு சரி, தேதி மட்டும் அப்படி. நானே அடித்துத் திருத்தினேன். அடுத்த வாரம் என்னைப் பெரியதம்பி என்று கூப்பிட்டார். ஒரு தடவை என்றால் விட்டுவிடுவேன். மூன்று நாள் தொடர்ந்து கூப்பிட்டார். பெரியதம்பி யாரென்று உங்களுக்குத் தெரியாது. எழுபத்தொன்று சண்டையில் எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர். அந்த டிசம்பர் மாதமே இறந்துவிட்டான்.

போன திங்கட்கிழமை விழுப்புரத்துக்குப் பென்ஷன் விஷயமாகப் போனவர் மாலை வரை வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமெண்டு பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஏன் சார் இங்கே என்று கேட்டேன். எந்த வண்டியில் ஏறுவது என்று உத்தரவு வரவில்லை என்றார். பிறகு சிரித்தார், தமாஷ் பண்ணியதுபோல. நானும் சிரித்தேன். வரும் வழியெல்லாம் அவர் கையை நான் விடவில்லை.

அம்மா போய் எட்டு வருஷமாகத் தனியாக இருக்கிறார். அதனால் இருக்கலாம். ஆனாலும் நீங்கள் ஒரு முறை வந்து பார்த்தால் நல்லது. நான் எழுதினேன் என்று அவரிடம் சொல்ல வேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்குத் தங்கள்
ராயப்பன்


திண்டிவனம்
20.1.2008

அன்புள்ள துர்கா பாப்பா அவர்களுக்கு,

பொங்கலுக்கு நீங்கள் போனில் பேசியது சாருக்கு ரொம்ப சந்தோஷம். இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் நீங்கள் தனியாகச் சொன்னதையும் மனதில் வைத்திருக்கிறேன். அப்பா என்னிடம் தெளிவாகத்தான் பேசுகிறார், வயசானால் யாருக்கும் மறதி வரும், இதைப் பெரிசு பண்ணி எழுதாதீங்க என்றீர்கள். உங்களிடம் பேசும்போது அவர் தெளிவாகத்தான் இருக்கிறார். பொய் இல்லை. பத்து நிமிஷம் பேசுவதற்காகக் காலையிலிருந்து பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறார். பேரப்பிள்ளைகள் பெயரும் அதில் இருக்கும்.

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும். எழுதாமலிருக்க முடியாதபடி ஒன்று நடந்துவிட்டது.

மார்கழிக் கடைசியில் கெங்கம்மாள் என்கிற பெண் தன் நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பறிக்கிற வேலை செய்கிறவள். குழந்தைக்கு ஜுரத்தில் இரண்டு முறை வலிப்பு வந்திருக்கிறது. சார் பார்த்தார், சீட்டு எழுதினார், ஊசி போடச் சொன்னார். அளவை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பெரிய ஆளுக்கே அதில் பாதிதான் போடுவோம்.

சார், அளவு என்றேன். எழுதினதைப் போடு என்றார். மறுபடியும் சொன்னேன். அவர் எழுந்து நின்று, "ஹவில்தார், இது ஆர்டர்" என்றார்.

நாற்பது வருஷப் பழக்கம் பாப்பா. என் கை தானாக மருந்தை ஏற்றிவிட்டது. குழந்தையின் பக்கத்தில் போய்விட்டேன். அது என்னைப் பார்த்துக் காலை இழுத்துக்கொண்டது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்ததுபோல இருந்தது. ஊசியில் இருந்ததை அப்படியே பேசினில் பீய்ச்சினேன். கெங்கம்மாள் சண்டைக்கு வந்துவிட்டாள். "டாக்டரு அய்யாவே எழுதிக் குடுத்திருக்காரு, நீங்க இன்னாத்துக்குப் போட மாட்டேன்றீங்க?" என்று அழுதாள்.

சார் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் அந்தச் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "ராயப்பா, இது என் கையெழுத்தா?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். குழந்தையைத் திண்டிவனத்துக்கு அனுப்பும்படி சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழந்தை பிழைத்துக்கொண்டது. கவலை வேண்டாம்.

மறுநாள் அவரே பாண்டிச்சேரிக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போய் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தார். உள்ளே அரை மணி நேரம் இருந்தார். வெளியே வந்து, நான் நினைத்ததுதான், இது திரும்பாது, இறங்கிக்கொண்டேதான் போகும் என்றார். ஏதோ வேறொரு நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். உங்களுக்குத் தெரியக்கூடாது என்றார். அதையும் நான் மீறுகிறேன்.

அந்த வாரமே போர்டைக் கழற்றச் சொன்னார். பதினாலு வருஷம் தொங்கிய போர்டு. பிறகு லெட்டர்பேடில் எனக்கு ஒரு உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். அதன்படி மருந்து அறை பூட்டியிருக்க வேண்டும். சாவி என்னிடம் இருக்க வேண்டும். ரோட்டில் அடிபட்டு வருகிறவர்களுக்கு முதலுதவி நான் செய்ய வேண்டும், அவர் அந்த அறைக்குள் கால் வைக்கக்கூடாது. அவரே சாவியைக் கேட்டாலும் கொடுக்கக்கூடாது. திட்டினாலும் அழுதாலும் கொடுக்கக்கூடாது.

உங்களை எப்படி சார் மறுத்துப் பேசுவேன் என்று கேட்டேன். "அப்ப கேக்கறவன் நான் இல்லடா. இப்ப சொல்றேன் பாரு, இவன்தான் நான்" என்றார்.

அந்தத் தாளை என் பையில் வைத்திருக்கிறேன். சித்திரை மாதப் பள்ளி விடுமுறைக்கு வர முடியுமா என்று பாருங்கள். அவர் அவராக இருக்கும்போதே வாருங்கள்.

தங்கள்
ராயப்பன்


கூட்டேரிப்பட்டு
9.8.2009

அன்புள்ள துர்கா பாப்பா அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது. ஆடி வெயிலிலும் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். யார் அனுப்பியது என்று கேட்டால் ராணுவ ஸ்டோரில் கொடுத்தது என்கிறார்.

சென்ற வருஷம் உங்களுக்கு வேலை மாறியது, இந்த வருஷம் பெரியவனுக்குப் பரீட்சை. எல்லாம் எனக்குப் புரிகிறது. லூர்துமேரிதான் புரியாமல் ஏதாவது சொல்வாள். அவளை நான் அடக்கிவிடுவேன்.

கெடாரிலிருந்து உங்கள் பெரியப்பா மகன் திருமுருகன் வாரத்துக்கு ஒரு முறை வந்து பார்க்கிறார். தன்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டார். சார் போக மாட்டேன் என்றுவிட்டார். இப்போது நான் இரவும் இங்கேதான் படுக்கிறேன். லூர்துமேரி கேப்பைக் கூழும் குழம்பும் செய்து பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறாள்.

என்னை அவருக்குப் பெரும்பாலும் தெரியவில்லை. சாவியை மட்டும் மறக்கவில்லை. தினமும் காலையில் ஷேவ் செய்துகொண்டு, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டிக்கொண்டு, மருந்து அறைக் கதவின் முன்னால் வந்து நிற்கிறார். உள்ளே காயம்பட்டவர்கள் கிடக்கிறார்கள் என்கிறார். சத்தம் கேட்கவில்லையா உனக்கு என்று கேட்கிறார். சில நாள் கதவில் காதை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். ஒரு நாள் எனக்கே கேட்பதுபோல இருந்தது பாப்பா. அடுத்த பஸ்ஸில் திண்டிவனம் போய்க் மாதா கோயிலில் முழங்காலிட்டுவிட்டு வந்தேன்.

பெரியதம்பியைப் பற்றி எழுதினேன் அல்லவா. அவன் இப்போது தினமும் வருகிறானாம். வெளியே வண்டியை ஓடவிட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறானாம். எட்டிப் பார்த்தால் ரோட்டில் லாரிகள்தான் போகின்றன. எந்த நேரத்தில் எந்த வண்டியில் ஏறப்போகிறாரோ என்று பகலெல்லாம் அவர் பின்னாலேயே திரிகிறேன். வாசல் கேட்டுக்குச் சங்கிலி போட்டேன்.

அவன் எப்படி இறந்தான் என்பதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. ஒரு குண்டு விழுந்து பதினேழு பேர் ஒரே நேரத்தில் அடிபட்டு வந்தார்கள். டாக்டர் என்று இருந்தது சார் ஒருவர்தான். பிழைக்கக்கூடியவனை முதலில் பார், பிழைக்காதவனைத் தாண்டிப் போ என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. சார் பெரியதம்பியின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார். பெரியதம்பிக்கு நினைவு இருந்தது. சார் சார் என்று கூப்பிட்டான். நான் பார்த்தேன். சார் திரும்பவில்லை. அன்று பன்னிரண்டு பேரைப் பிழைக்க வைத்தார். அவர் செய்தது சரி. அதைப் பற்றி நாங்கள் இருவரும் அதன்பின் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மழைக்காலம் வருவதற்குள் வந்துவிடுங்கள் பாப்பா. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தங்கள்
ராயப்பன்


திண்டிவனம்
28.12.2009

அன்புள்ள துர்கா பாப்பா அவர்களுக்கு,

கருமாதி ஒழுங்காக முடிந்தது. கெடாரில் திருமுருகன்தான் எல்லாம் செய்தார். உங்களுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதை உறவினர் எல்லோருக்கும் அவரே எடுத்துச் சொன்னார். யாரும் தப்பாக நினைக்கவில்லை.

அப்பா தூக்கத்திலேயே நிம்மதியாகப் போனார் என்று நான் போனில் சொன்னேன். நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள், அதனால் அப்படிச் சொன்னேன். நடந்தது வேறு. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கார்த்திகை முகூர்த்த நாள் ஒன்றில் நடந்தது. மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து மயிலம் கோயிலுக்குக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் வேனில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நல்ல மழை. மதியம் ஒரு மணி இருக்கும். கூட்டுரோட்டில் வேன் கவிழ்ந்தது. சத்தம் எங்களுக்கே கேட்டது. இரண்டு பேர் டாக்டரய்யா டாக்டரய்யா என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். போர்டு இல்லாவிட்டால் என்ன, ஜனங்களுக்கு அந்த இடம் பழக்கம்.

சார் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தார். முகம் மாறிவிட்டது. குழாயடியில் போய் முழங்கை வரைக்கும் கை கழுவினார், ஆபரேஷனுக்கு முன்னால் கழுவுவதுபோல. மருந்து அறைக் கதவின் முன்னால் வந்து நின்று கையை நீட்டினார்.

"ராயப்பா, சாவி."

என் பெயரைச் சொல்லி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

வேண்டாம் சார், நீங்களே போட்ட உத்தரவு என்றேன். "ஜனங்க செத்துக்கினு இருக்காங்கடா. குடுடா" என்றார். நான் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். திறந்தால் அவர் உள்ளே வருவார், எதை எடுப்பார், எவ்வளவு போடுவார் என்று அந்தக் கெங்கம்மாள் குழந்தையின் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது. அவர் அழுதார். அழுதாலும் கொடுக்காதே என்று அவர்தானே எழுதினார். நான் கொடுக்கவில்லை.

சட்டென்று அழுகையை நிறுத்தினார். வெறுங்கையோடு மழையில் இறங்கி ரோட்டைப் பார்த்து நடந்தார். அன்று வாசல் கேட் சங்கிலியை நான் போட்டிருக்கவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அப்போது நான் அறையைத் திறந்து மருந்தை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. நான் அவர் பின்னாலேயே ஓடினேன். அவர் எதிலாவது அடிபட்டுவிடுவார் என்பது மட்டும்தான் எனக்கு ஓடியது.

பதினோரு பேர் கிடந்தார்கள். சார் ஒவ்வொருவரிடமும் குனிந்தார். விரலை வைத்தார், கண்ணைப் பார்த்தார், நகர்ந்தார். ஒரு தடுமாற்றம் இல்லை. கிளியம்மாள் என்ற பெண்ணிடம் நின்றார். தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்திருந்தது. தன் சட்டையைக் கிழித்துக் கட்டி, மண்டியிட்டு, முஷ்டியால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் அவள் தம்பி மணிமாறன், இருபத்தைந்து வயசு இருக்கும், நினைவில்லாமல் கிடந்தான். "அவனுக்கு டிரிப் போடு, ஜல்தி" என்றார் என்னிடம்.

நான் திரும்பி ஓடிப்போய், அறையைத் திறந்து, குளுக்கோஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மணிமாறன் போய்விட்டிருந்தான்.

சார் அழுத்திய கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன்டா இவ்ளோ நேரம்?" என்றார்.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் அவருக்கு அது மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. முதலில் கேட்டபோதே நான் கதவைத் திறந்திருந்தால் அந்தப் பையன் இருந்திருப்பானோ என்று தினமும் காலையில் எழும்போதே கேட்டுக்கொள்கிறேன். விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் சொன்னேன். உள்ளே எங்கே உடைந்திருந்தது என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர், அதனால் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

108 வண்டி வருகிறவரை நாற்பது நிமிஷம் அந்த மழையில் சார் கையை எடுக்கவில்லை. வண்டிக்காரர்கள் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அந்தப் பெண்ணைத் தூக்கினார்கள். அன்று மாலையே அவருக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உங்களுக்கு வெறும் காய்ச்சல் என்று சொல்லும்படி நான்தான் திருமுருகனிடம் சொன்னேன். முன்பே மூன்று முறை எழுதிவிட்டேன், இன்னொரு தடவை சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்று எனக்கு ஒரு வீம்பு இருந்தது. அந்தத் தவறும் என்னுடையது.

எட்டாம் நாள் போனார். கடைசி இரண்டு நாள் பெரியதம்பி பேச்சும் இல்லை, சண்டைப் பேச்சும் இல்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "துர்கா ஸ்கூல்லேர்ந்து வந்துட்டாளா?" என்பார். வந்துக்கினு இருக்காங்க சார், பஸ் ஏறிட்டாங்க என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொள்வார். ஆஸ்பத்திரி மெயின் ரோட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் கண்ணைத் திறந்து கதவைப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். அடுத்த பஸ் சார் என்பேன். அப்படி எத்தனை பஸ் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை ஒரு பஸ் சத்தத்துக்குத் திறந்த கண்ணை அவர் மூடவில்லை. நான்தான் மூடினேன்.

கருமாதிக்குக் கிளியம்மாள் வந்திருந்தாள். கட்டுப்போட்ட காலோடு அவள் புருஷன் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தான். தம்பியைப் பறிகொடுத்தவள். அவளிடம் அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிட்டே போனேன். அவள் சாரின் படத்தைப் பார்த்துவிட்டு, "அய்யாவுக்குப் புள்ளைங்க இல்லீங்களா?" என்று கேட்டாள். ஒரு பெண் இருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார் என்றேன். என் வாயில் அதுதான் வந்தது. மற்றதைச் சொல்ல முடியாமல் போய்விட்டது. மாசி மாதத்துக்குள் அவள் குப்பத்துக்குப் போய்ச் சொல்லிவிடுவேன்.

இதுவரை நான் உங்களிடம் மூன்று முறை வரச்சொல்லிவிட்டேன். இனி அவசரம் என்று சொல்ல எதுவுமில்லை. உங்களுக்கு வசதிப்பட்ட மாதத்தில் வாருங்கள். கார் வைத்துக்கொண்டு வர வேண்டாம். திண்டிவனத்தில் பஸ் ஏறிக் கூட்டேரிப்பட்டில் இறங்குங்கள். எந்த நாள் என்று மட்டும் எழுதுங்கள். காலையிலிருந்து நான் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருப்பேன். நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்குவதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆண்டவர் உங்களையும் பிள்ளைகளையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

தங்கள்
ராயப்பன்